செஞ்சியைத் தாண்டிவிட்டேன்

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு கட்சி. பாதை வரைபடத்தைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்பவர்கள் ஒரு கட்சி. டேப்லட் திரையில் பார்ப்பவர்கள் இன்னொரு கட்சி. பயிற்சியாளர் விமல்ராஜ் சார் இரண்டும் இல்லாமல் யாரையும் தனியாக அனுப்ப மாட்டார். அன்று தனியாகக் கிளம்பிய எனக்கு இரண்டுமே வீண் என்று பட்டது. வேலூரிலிருந்து செஞ்சிக்குப் பறந்து, அங்கே திரும்பிக் கடற்கரைப் பக்கம் போக வேண்டும். செஞ்சி நான் பிறந்த ஊர். கோட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு வரைபடம் எதற்கு?

ஒரே ஒரு சிக்கல். என்னோடு படிக்கும் அஜிதன் திருவண்ணாமலைப் பக்கமிருந்து இன்னொரு விமானத்தில், அதே உயரத்தில், அதே செஞ்சிக்கு வந்துகொண்டிருந்தான். நான் செஞ்சியைத் தாண்டிவிட்டதாக ரேடியோவில் சொன்ன பிறகுதான் அவன் உள்ளே வரலாம். அதுவரை மேற்கே வட்டமடித்துக்கொண்டிருப்பான்.

வெளியெல்லாம் புழுதி மூட்டம். வழியில் வர வேண்டிய மேல்மலையனூர் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. வெயிலில் டேப்லட் சூடேறி, ஒருமுறை அப்படியே நின்றுபோய், பிறகு உயிர்வந்தது. அதோடு அதன்மேல் இருந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மூட்டத்துக்குள்ளிருந்து பாறை குவிந்த ஒரு குன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் தள்ளி மூன்றாவது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, எங்கள் கோட்டை மலைகள் மூன்றும். செஞ்சி இன்னும் முன்னால் இருக்கிறது என்றது திரை. நீ கிட என்று அதை ஒதுக்கிவிட்டு, தாண்டிவிட்டதாகச் சொன்னேன். உள்ளே வருவதாக அஜிதன் உடனே பதில் சொன்னான்.

திரும்புவதற்கு முன் மடியிலிருந்த காகிதத்தை ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை, கோட்டை மலைகளுக்கு நடுவே சிவப்பாக ஓடியது. கீழே பார்த்தேன். நடுவில் வயல்தான் இருந்தது. நான் தினமும் பஸ்ஸில் பள்ளிக்குப் போன சாலை அங்கே இல்லை.

அந்த மலைகளை நான் அண்ணாந்து பார்த்துத்தான் பழகியிருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் பக்கத்துக் குன்றெல்லாம் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. இது சீயமங்கலம் பக்கம். உண்மையான செஞ்சி இனிமேல்தான். வானம் காலி என்று என்னை நம்பி அஜிதன் அங்கே வந்துகொண்டிருக்கிறான்.

சத்தம் போடாமல் உயரத்தை மாற்றிக்கொண்டு நழுவிவிடலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. பள்ளியே கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோவில், செஞ்சிக்காரிக்குச் செஞ்சி தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் உள்ளே வருகிறவன் இதற்குள் எந்த உயரத்துக்கு மாறியிருப்பான், எனக்கென்ன தெரியும்?

ரேடியோவில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். எனக்கு வாயில் வந்தது ஊர்ப் பேச்சு.

“அஜித், உள்ள வராத. நான் சொன்னது தப்பு. இன்னும் செஞ்சிக்கே வர்ல நானு.”

பதில் இல்லை. மறுபடி சொன்னேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகூட அவன் விமானமாகத் தெரிந்தது.

“கேட்டுச்சு. திரும்பிட்டேன்,” என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

பிறகு செஞ்சி வந்தது. மலைகளுக்கு நடுவில் சாலை, சாலையில் ஒரு பஸ். காகிதத்தைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், திரும்பவும் கீழே பார்த்தேன். எல்லாம் பின்னால் போன பிறகுதான் வாயைத் திறந்தேன்.

“செஞ்சியத் தாண்டிட்டேன்.”

கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். செய்திருந்தால் தேவலை.

“நெஜந்தானா, சுபா?” என்றான்.