தாளோடு தைத்த கைக்குட்டை

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையது. அதனால்தான் முதல் வரியை எங்கோ தொலைவில் தொடங்கினேன்:

"வெண்பனி கொட்டிக்கொண்டிருந்தது. அரங்கின் பின்வாசலில் ஒரு பெண்..."

ஜெயங்கொண்டத்தில் வெண்பனி கொட்டாது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுவதால் வரும் நோய் இது. அடித்துவிட்டேன்.

2

அது கல்யாண மண்டபம். ஞாயிறு மாலை ஆறு மணி. எங்கள் குழுவில் யாருக்கும் நாடகம் தொழில் இல்லை. திரைக்குப் பின்னால் உழைத்த ஒன்பது பேருக்கும் கைக்குட்டையில், அவரவர் வேலைக்கேற்ற படமாக, பூவேலை செய்திருந்தேன். விளக்குப் போடும் மணிவண்ணன் சாருக்கு ஒரு டார்ச். ஒப்பனை செய்யும் பொன்னாயி அக்காவுக்கு ஒரு சீப்பு. திரை இழுக்கும் வேணி அக்கா கடைசி வாரம்தான் வந்து சேர்ந்தார். அவருக்கான கயிறு மட்டும் பாதியில் நின்றது. நாடகம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும்.

என் வேலை, வசனம் மறந்தவர்களுக்கு மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பது. மடியில் நாடகப் பிரதி. அதன்மேல் வேணி அக்காவின் துணி.

(துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையம் எங்கே என்று தையல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அதில் வெள்ளித்தாள் ஒட்டி, மேடையில் நிலாவாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.)

"மடியில வச்சுத் தைக்காத புள்ள. பாவாடையோட சேத்துத் தச்சிருவ."

"தச்சா, உங்க கயித்துல கட்டி இழுத்துடுங்கக்கா."

3

நாடகத்தில் நாயகியாக நடித்த மேகலாவின் அப்பா சிங்காரவேலுவை முதலில் கொடுமைக்காரராக எழுதினேன். மீசைகூட வைத்தேன். [அவருக்கு மீசை இல்லை.] முந்திரித் தோப்பு வேலையைப் போட்டுவிட்டு மகளை வண்டியில் கூட்டி வந்தவர் அவர். இறக்கிவிடும்போது சொன்னது இவ்வளவுதான்:

"இந்த ஒரு தடவ பாக்குறேன். ஊரு முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நின்னீன்னா, நாடகம் கீடகம் எல்லாம் இதோட சரி."

"மறந்தா இலக்கியா எடுத்துக் குடுப்பாப்பா."

என்னைக் காட்டித்தான் சொன்னாள்.

4

மூன்றாம் காட்சியில் மேகலா நின்றுவிட்டாள்.

நடிப்பு என்றுதான் முதலில் நினைத்... [இல்லை. எதையும் நினைக்கவில்லை. கயிற்றின் நுனியை வளைத்துக்கொண்டிருந்தேன்.]

வேணி அக்கா காலால் உதைத்தார். "ஏய், அந்தப் புள்ள நிக்குது பாரு! சொல்லுடி!"

துணியை விலக்கினேன். தாளும் கூடவே எழுந்தது. கயிற்றைத் தாளோடு சேர்த்துத் தைத்திருந்தேன். மேகலாவின் வசனம் அடியில் இருந்தது. ஒத்திகையில் நூறு தடவை கேட்ட வசனம். அப்போது ஒரு சொல்கூட வரவில்லை. கத்தரி பக்கத்திலேயே கிடந்தது. வெட்டினால் வசனம் தெரியும், தையல் போய்விடும்.

தயங்கினேன். கயிறு அவ்வளவு அழகாக வந்திருந்தது.

5

முடிவு அ: வெட்டினேன், வசனத்தைச் சொன்னேன். (பொய்.)

முடிவு ஆ: மேகலாவே ஒரு வசனத்தை இட்டுக்கட்டினாள், மண்டபம் கைதட்டியது. (எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே வேண்டாம்.)

நடந்ததை எழுத இதுவரை நான்கு முறை உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இங்கேயே வந்து நிற்கிறேன். மேகலா வெள்ளித்தாள் நிலாவின் கீழ் நிற்கிறாள்; கண் என் பக்கம். முன்வரிசையில் அவள் அப்பா காலால் செருப்பைத் துழாவுகிறார்.

கைக்குட்டை இதோ, தாளோடு. வேணி அக்காவிடம் இன்னும் கொடுக்கவில்லை. கத்தரியின் கைப்பிடியை உங்கள் பக்கம் திருப்பி நீட்டுகிறேன்.

சீக்கிரம். அவர் ஒரு செருப்பை மாட்டிவிட்டார்.