வாபஸ் கையெழுத்து

சபரிநாதனைக் கவுன்சிலராக்க வெயிலில் வீடு வீடாகக் கதவு தட்டியவள் கிருபாராணி. இப்போது அவரைப் பதவியிலிருந்து இறக்க அதே கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் டேகேர். டாலஸுக்கு வடக்கே அந்தச் சிறு நகரத்தில் தன் வீட்டிலேயே பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வீட்டில் டேகேர் கூடாது என்று சிட்டி கவுன்சில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் விதி போட்டது. அந்த ஓட்டு சபரிநாதனுடையது. காலையில் கார்கள் தெருவை அடைக்கின்றன என்று அவள் பக்கத்து வீட்டார் அவரிடம் புகார் சொன்னார்களாம்.

நகரச் சாசனத்தில் ஒரு வழி இருந்தது. போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்ட மனுவைக் கெடுவுக்குள் கொடுத்தால், பதவிக்காலம் முடியும் முன்பே அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தேர்தல் நடத்தியாக வேண்டும். அதே சாசனம் இன்னொன்றும் சொன்னது: மனம் மாறியவர்கள், மனு உள்ளே போகும்முன் எழுதிக்கொடுத்துத் தங்கள் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஆட்களிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. சர்ச் பார்க்கிங்கில் போட்டார்கள். ஒரு வளைகாப்பில் சாப்பாட்டுத் தட்டை இடது கையில் ஏந்தியபடி போட்டார்கள். அங்கே ஒரு பெரியவர் போட்டு முடித்துவிட்டுத்தான், இது எதற்கும்மா என்று கேட்டார். அந்தச் சுலபமே அவளைத் தூங்கவிடவில்லை. இத்தனை மலிவாகக் கிடைக்கும் சரக்கு எதிர்க்கடைக்கும் அதே விலைக்குத்தானே போகும்?

போனது. சபரிநாதன் வாபஸ் கடிதங்களோடு கிளம்பினார். போட்டவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார், காபியும் குடித்துவிட்டார், நாங்கள் என்ன செய்ய என்று வருத்தப்பட்டார்கள். எத்தனை பேர் போன் செய்யாமல் விட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எண்ணவும் பயம். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கையில் மனுவைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

சபரிநாதனின் மனைவி வெண்பா காபி கொண்டுவந்து வைத்தாள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுபவர்கள் போல இருவரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் குடித்தார்கள்.

"எவ்ளோ வச்சிருக்கீங்க?" என்றார் சபரிநாதன்.

"நீங்க எவ்ளோ வச்சிருக்கீங்கண்ணா?"

அவர் சிரித்தபடி தன் வாபஸ் கடிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவள் முன் வைத்தார். "உங்க வீட்டுக்காரரே வாபஸ் வாங்கிட்டாரு. பேட்மிண்டன் கோர்ட்ல வச்சுக் கேட்டேன். மறுபேச்சே இல்ல."

கணவன் சைலஸின் கையெழுத்தேதான். கிருபாராணி வாயில் இருந்த காபியை நிதானமாக விழுங்கினாள்.

"சைலஸ் எங்கிட்ட கையெழுத்தே போடலையேண்ணா. அவருக்கு இன்னும் கிரீன் கார்டுதான். ஓட்டே கிடையாது."

சபரிநாதன் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். வெண்பா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இது திருமூர்த்தி அங்கிள் இல்ல? மகளைப் பார்க்க விசிட்டர் விசால வந்தவரு. அவர்கிட்டயுமா வாங்கினீங்க?"

அதற்குமேல் அவர் புரட்டவில்லை. தன் கையில் இருப்பதில் எது காசு, எது வெறுங்காகிதம் என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

கிருபாராணி பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். வளைகாப்பில் அவள் மனுவில் போட்டுவிட்டு, எதற்கும்மா என்று கேட்ட பெரியவரும் அதே திருமூர்த்திதான்.

"செவ்வாய்க்கிழமை கவுன்சில் இருக்குல்ல? விதியை மறுபடி எடுங்க. கெடு வெள்ளிக்கிழமைதானே, அது வரைக்கும் மனு என் பையிலயே இருக்கும்."

"நாலு பிள்ளைங்க வரைக்கும் விடலாம்."

"பத்து."

"தெருவுல ஒரே கார் ரகளை ராணி. ஆறு."

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"சரி, எட்டு," என்றார்.

செவ்வாய்க்கிழமை அவரே தீர்மானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, அவரே கை தூக்கினார். நிறைவேறியது. இனி எடுக்க முடியாத நாலு பிள்ளைகளின் அம்மாக்களிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே அவள் வெளியே வர, பார்க்கிங் வரை சபரிநாதன் கூடவே வந்தார். எத்தனை கையெழுத்து இருந்தது என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"அடுத்த மே மாசம் எலெக்ஷன். உங்க வீட்டு முன்னாடி என் போர்டு ஒண்ணு வைக்கலாமா?"

கிருபாராணி அவர் முகத்தைப் பார்த்தாள். நேருக்கு நேர் நின்றிருந்தார்.

"வைங்கண்ணா," என்றாள்.