நர்மதாவின் ஓட்டு

கொண்டப்பநாயக்கன்பட்டியில், அறிவுத்திறன் குறைபாடுள்ள ஐந்து பேரோடு ஒரே வீட்டில் தங்கி, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு வாழத் தன்னார்வலராக வந்திருந்தாள் அக்சிலியா. அந்த ஐவரில் ஒருத்தியான நர்மதாவுக்கு முப்பத்திரண்டு வயதில் முதல் ஓட்டு. ஒரு வாரமாக இருவரும் அட்டையில் பட்டன் வரைந்து அமுக்கிப் பழகினார்கள்.

வாக்குச்சாவடி வரிசையில் நின்ற ஒரு பெண், "பாவமுங்க, கூடப் போயி நீங்களே அமுக்கிருங்க" என்றாள்.

அக்சிலியாவுக்குச் சுருக்கென்றது. "அவ ஓட்டுங்க. அவளே போடுவா" என்று வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே நேரமானது. பீப் சத்தம் கேட்டபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மை வைத்த விரலை நீட்டிக்கொண்டு நர்மதா வெளியே வந்தாள்.

ஆர்வம் தாங்காமல், "யாருக்குப் போட்ட?" என்று கேட்டுவிட்டாள் அக்சிலியா.

"அதச் சொல்லக்கூடாதுக்கா!" என்று அதட்டினாள் நர்மதா. வரிசையே சிரித்தது.

"தப்புத்தான் சாமி" என்றாள் அக்சிலியா.