பொறி படாத புண்

என் வீட்டுக்காரர் வெல்டர். அவர் கைகளில் பொறி பட்ட தழும்புக்குப் பஞ்சமே இல்லை. அதனால் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு கட்டி வந்தபோது நானும் கண்டுகொள்ளவில்லை. பட்டறைக்காரர்களுக்கு எல்லாப் புண்ணும் பொறிதான். தீப்புண் களிம்பைத் தடவிவிட்டு அடுத்த கம்பியை எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் புண் ஆறவில்லை. மாதக்கணக்கில் அகலமாகிக்கொண்டே போனது. விளிம்பு தடித்து நடுவில் குழி விழுந்தது. அதைவிட, அது வலிக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு துளி எண்ணெய் தெறித்தாலே வீட்டை ரெண்டாக்குகிற மனுஷர், அவ்வளவு பெரிய பள்ளத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நச்சரித்தேன். ஒட்டுவாரொட்டி என்று யாராவது சொல்லிவிட்டால் பட்டறையில் ஒருத்தனும் பக்கத்தில் நிற்க மாட்டான் என்றார். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒருநாள் காலை குழந்தைக்கு முகம் கழுவிவிட்டேன். இரண்டு வயசு வாண்டு. கொஞ்ச நாளாக மூக்கோரத்தில் இருந்த பருவின் மேல் பொருக்குக் கட்டியிருந்தது. துடைத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் குழி, சுற்றிலும் தடித்த விளிம்பு. அவரைக் கூப்பிட்டேன்.

"இங்க வாங்க. இது என்னன்னு பாருங்க."

குனிந்து பார்த்தார். "பொறி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பட்டறை வாசலைக்கூட மிதிக்காத குழந்தை அது.

ஆஸ்பத்திரியில் இருவரின் புண் விளிம்பையும் சுரண்டி எடுத்துப்போனார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தோம்.

"என்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார். இது தொட்டு ஒட்டுவதில்லையாம். கொசுவைவிடச் சின்னதான மணல் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி தோலுக்குள் போய்விடுகிறதாம். சுவர் வெடிப்பிலும் இடிபாட்டிலும் அந்த ஈ பதுங்கியிருக்கும் என்றார். பின்சுவரை இடித்து இவர் கொட்டிய குவியல், குழந்தை தூங்கும் ஜன்னலுக்கு அடியில்தான் கிடந்தது. மருந்தில் ஆறிவிடும், தழும்பு மட்டும் நிற்கும் என்றார்.

"உங்க கையில வந்தப்பவே வந்திருக்கலாமே. வீட்டையும் அப்பவே பாக்கச் சொல்லியிருப்போம்."

பஸ் ஸ்டாப்புக்கு வந்து உட்கார்ந்தோம். வீட்டுக்குப் போய் அவரைக் கிழிக்க வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் குழந்தையின் மூக்குக்கு என்ன என்று கேட்டாள்.

அவர் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

"பூச்சிக்கடி. எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. நான் மறைச்சு வச்சிருந்தேன்."

அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் சட்டைக் கையை இறக்கவில்லை. சேர்த்துவைத்த வார்த்தையில் ஒன்றுகூட எனக்கு வேண்டியிருக்கவில்லை.