நாலு நாள் பீப்பாய்

ஹெஸ்டர் ஓல்ட்ராய்டின் பீர்ப் பட்டறை பதினாலே மாதத்தில் இழுத்து மூடப்பட்டதற்கு ஊரில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அவள் பீர் கலங்கல். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் சுற்றுவட்டாரத்தில் எட்டு பப்களில் அவளுடைய பீப்பாய் இறங்கியது, எட்டிலும் இதே பேச்சு. ஒருவன் தன் கண்ணாடித் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே மீன் ஏதாவது நீந்துகிறதா என்று பார்த்தானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பீப்பாய் பீர் பட்டறையிலேயே முடிந்துவிடுகிற சரக்கு அல்ல. பப்பின் நிலவறையில் அசையாமல் கிடந்து, வண்டல் அடியில் தங்கி, மேலே தெளிந்த பிறகுதான் அது குடிக்கிற பீர். மற்றவர்கள் மீனின் வயிற்றுக் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற மருந்தைக் கலந்துவிடுவார்கள், ஒரே நாளில் தெளிந்துவிடும். ஹெஸ்டர் கலக்க மாட்டாள். அது வாசனையையும் சேர்த்து அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவள் கட்சி. ஆகவே அவள் பீருக்கு நாலு நாள் வேண்டும். ஒவ்வொரு பீப்பாயிலும் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டித்தான் அனுப்பினாள். எந்தப் புண்ணியவானும் படிக்கவில்லை. இன்று இறக்குவான், நாளைக்குத் திறப்பான், நாளன்றைக்குத் திட்டுவான்.

இதில் பெரிய கொடுமை, நாலு நாள் கிடந்த தன் பீரை ஹெஸ்டரே குடித்ததில்லை. டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த பட்டறையில் நிலவறை ஏது? நிரப்பிய பீப்பாய் அன்று சாயங்காலமே வண்டியேறிவிடும். பப்பில் போய்க் கேட்டால் கலங்கல்தான் வரும். கடைசி மாதங்களில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தப்பு அவர்களுடையதா, தன்னுடையதா? ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெண்ணைத் தூங்கவிடாமல் அடிக்க இந்த ஒரு கேள்வி போதாதா?

மிஞ்சியது ஒரே ஒரு சின்னப் பீப்பாய், முப்பத்தாறு பைண்ட், அதாவது இருபது லிட்டர் சொச்சம். அதைத் தன்னோடு பள்ளியில் படித்த டெஸ்மண்டின் 'ஷட்டில்' பப்பில் செவ்வாய்க்கிழமை இறக்கி, சனிக்கிழமை மதியம் வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். டெஸ்மண்ட் சொன்ன சொல் காப்பாற்றினான். வாக்குக்குக் கட்டுப்பட்டு அல்ல. கழிப்பறைக் குழாய் உடைந்து, பப் சனிக்கிழமை வரை பூட்டிக் கிடந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஹெஸ்டர் போனபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. முதுகுப் பையும் நோட்டுப் புத்தகமுமாக முப்பது ஆண்களாவது இருப்பார்கள். மூடிப்போன பட்டறையின் கடைசிப் பீப்பாய் என்று டெஸ்மண்ட் எங்கோ அறிவித்திருக்கிறான். குடித்த பீரையெல்லாம் எண்ணிக் குறித்துவைப்பதையே பிழைப்பாகக் கொண்ட கூட்டம் ரயிலேறி வந்துவிட்டது.

அந்த ஊர்ப் பப்பில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது எல்லோருக்கும் தெரியும். முந்துகிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். இது என் பீர், வழி விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஹெஸ்டர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற வளர்ப்பு இல்லை அவளுக்கு. தன் வளர்ப்பைத் தானே சபித்துக்கொண்டு கடைசியில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் நின்றவர் நார்மன். லெஸ்டரிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர்தான், அதுவே எரிச்சலாக இருந்தது. செத்துப்போன பட்டறையின் பீர் என்றால் தங்கள் கூட்டத்தில் தனி மதிப்பு என்று விளக்கினார்.

"உயிரோட இருந்தப்பவே வந்திருக்கலாமே?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "அப்ப எப்ப வேணாலும் வந்து குடிச்சுக்கலாம்னு இருந்துச்சுங்களே."

வரிசை ஊர்ந்தது. ஒவ்வொருவரும் தனக்கு அரை பைண்ட் வாங்கிக்கொண்டு, வர முடியாத நண்பர்களுக்காகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களிலும் நிரப்பிக்கொண்டார்கள். நார்மன் மட்டும் ஆறு பாட்டில். கைப்பம்பிலிருந்து இறங்கிய பீர் தேன் நிறத்தில் இருந்தது. தம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த விளம்பர அட்டையின் எழுத்தை அதன் வழியாகவே படிக்க முடிந்தது. ஹெஸ்டர் எக்கி நின்று அதை இரண்டு முறை படித்தாள்.

அவள் முறை வந்தது. பம்பு இருமியது, நுரையாகக் கக்கியது. டெஸ்மண்ட் நிலவறைக்கு ஓடிப்போய்ப் பீப்பாயைச் சாய்த்துவைத்துவிட்டு வந்து மறுபடி இழுத்தான். வண்டலோடு கலங்கலாக ஒரு பைண்ட் வந்தது.

"கடைசி உனக்குத்தான் ஹெஸ்டர், காசு வேணாம்" என்றான் பெருமையாக.

அந்தத் தம்ளரை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. நன்றி சொல்லி வாங்கி, அப்படியே பீர் ஊற்றுகிற மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். நார்மனிடம் போய், எப்படி இருந்தது என்று கேட்டாள். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. பட்டறையின் பெயர், பப், தேதி.

"ருசி?"

"அதைக் குறிச்சுக்கிறதில்லைங்க."

குறித்து முடித்தவர்கள் ரயிலுக்குக் கிளம்பினார்கள். அப்போதுதான் ஹெஸ்டர் மேசைகளைப் பார்த்தாள். பாதிப் பேர் ஒரு வாய் குடித்துக் கணக்குக்குச் சேர்த்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் அவளுடைய பீர், கண்ணாடியாகத் தெளிந்த பீர், எச்சிலாக நின்றது. அவள் உட்கார்ந்து, யாரோ வைத்துவிட்டுப் போன தம்ளரை எடுத்தாள்.

தம்ளர் பொறுக்க வந்த டெஸ்மண்ட் பதறினான். "ஐயே, விடும்மா, எவனோ வாய் வச்சது."

"நான் காய்ச்சினதுய்யா" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.

முதலில் ரொட்டி மேலோட்டின் வாசனை, அப்புறம் ஆரஞ்சுத் தோலின் கசப்பு, அந்தக் கசப்பு அடங்கும்போது ஒரு மெல்லிய இனிப்பு. அவள் மனதில் நினைத்து நினைத்துக் காய்ச்சியது அப்படியே வாயில் இருந்தது. தப்பு அவளுடையது இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது ஆத்திரம். கொப்பரைகளை விற்றாகிவிட்டது, கொட்டகையில் இப்போது டயர் அடுக்கியிருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்து டெஸ்மண்டும் ஒரு தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். புருவம் மேலே போனது.

"அட, பிரமாதமா இருக்கே. மொதல்லேருந்தே இப்படிக் காய்ச்சிக் குடுத்திருந்தா கடைய மூடியிருக்க வேணாமே ஹெஸ்டர்?"

ஹெஸ்டர் அவனையே பார்த்தாள். பதினாலு மாதம் ஒட்டிய சீட்டுகள் ஒவ்வொன்றும் அவள் நாக்கு நுனிக்கு வந்தன.

"நகரு" என்றாள். "அந்த மேசையில இன்னும் நாலு தம்ளர் இருக்கு."