ஒரே ஷிஃப்ட்

கல்யாணமாகி ஐந்து வருடம். என் கணவர் சுடலைமுத்துவை நான் முழுதாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றும் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். மற்ற நாளெல்லாம் தளி ரோடு பஸ் நிறுத்தத்தில், அவரை அவர் கம்பெனி பஸ் இறக்கிவிடுவதற்கும் என்னை என் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்வதற்கும் நடுவில் ஐந்து நிமிடம். அதற்குள் மகள் ஸ்வாதியை அவர் கையில் கொடுத்து, மெஷினை அடுத்த ஷிஃப்ட்காரரிடம் ஒப்படைப்பதுபோல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இருமல் மருந்து கொடுத்தாச்சு, கேஸ் தீரப்போகுது, களி கிண்டி வெச்சிருக்கேன். அவர் "சரி" என்பார். பஸ் வந்துவிடும்.

போன மாதம் எங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். கணவர் வேறு தொழிற்சாலையில் இருந்தாலும் அவருடைய ஷிஃப்ட்டையே கேட்டு வாங்கலாம், ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தொடர்வதா என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் எச்.ஆர். ஜெயப்ரியா மேடம். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் மதியம் அடுத்தடுத்து வீடு வந்து சேர்ந்தோம். அவர் நின்றபடியே, "பால் வாங்கியாச்சு, தண்ணி புடிச்சாச்சு, மோட்டார நிறுத்திட்டேன்" என்றார். நான் "சரிங்க" என்று சொல்லி, பழக்கதோஷத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். போக இடமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவர் செல்போனை எடுத்தார். நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. பெண் பார்க்க வந்த அன்றுகூட மனுஷன் இதைவிட அதிகம் பேசினார்.

படிவம் கொடுக்கச் சனிக்கிழமை கடைசி நாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னோடு இருக்க இவருக்குப் பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் தட்டில் களியை வைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"பழைய ஷிஃப்ட்டுக்கே போயிரட்டுங்களா?"

அவர் தட்டைப் பார்த்தார். "எனக்குக் களி பிடிக்காது."

நான் பேரிகைக்காரி, எங்கள் ஊரில் களிதான் சாப்பாடு. களியைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி.

"அஞ்சு வருசமா தின்னீங்களே?"

"ஸ்வாதி கொஞ்சம் திம்பா. மிச்சம் கீழ்வீட்டு நாய்க்கு. நான் கடைல புரோட்டா சாப்பிட்டுக்கிடுவேன். இந்த மூணு வாரமாத்தான் முழுங்குதேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல? அதுக்குள்ள பஸ் வந்துரும்லா."

அன்றுதான் முதன்முதலாகச் சண்டை போட்டோம். நான் அவர் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு சொதியை இழுத்தேன். அவர் என் தம்பி கல்யாணத்தில் தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிடாததை இழுத்தார். நடுவில் டீ போட்டுக் குடித்துவிட்டுத் தொடர்ந்தோம். இவர் இவ்வளவு பேசுவாரா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் படிவத்தை வாங்கிக்கொண்ட ஜெயப்ரியா மேடம், "வீட்ல எப்படிப் போகுது பொற்கொடி?" என்று கேட்டார்.

"நேத்துல இருந்து ஒரே சண்டைங்க மேடம்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப பழைய ஷிஃப்ட்டே போட்டுரட்டுமா?"

"வேணாங்க மேடம்," என்றேன் அவசரமாக. "இன்னும் முடியலைங்க."