பேச்சி பிரித்த காய்

இன்றைக்கு இந்த மனுசன் வாயடைத்துப் போக வேண்டும். வரட்டும். கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று.

சுருளியம்மாள் இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே சாக்கை உதறி விரித்தாள். குரங்கணிக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்தில், தாய்மார் காய் எடுக்கப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தோட்டத்தில் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்ததால் போட்ட தகரக் கொட்டகை. ஐந்து வயதுக்குட்பட்ட பதினொரு பிள்ளைகள். அழவிடாமல் வைத்திருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சிலமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த அவளுக்கு அது போதவில்லை.

போடிச் சந்தையில் ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தாள். யானைப் பக்கம் வந்தால் பதினொரு கைகளும் தும்பிக்கையாகிவிடும். பக்கம் திருப்புமுன்பே, "அடுத்து கொரங்கு!" என்று கத்துவார்கள். வெளியே ஈர மண்ணில் வாய்க்கால் வெட்டிச் சிரட்டையால் தண்ணீர் ஊற்றுவார்கள். எட்டாவது சிரட்டைக்கு வரப்பு உடையும் என்று மூன்று வயது மொக்கையனுக்குத் தெரியும். ஏழு ஊற்றிவிட்டு நிறுத்திக்கொள்வான். எட்டு என்ற சொல்தான் அவனுக்குத் தெரியாது.

கங்காணி வீரையாவுக்கு இதெல்லாம் கேலி. நேற்றும் வாசலில் நின்று, "என்ன தாயி, இன்னைக்கு மண்ணுச்சோறா, கூட்டாஞ்சோறா? கூலியும் வாங்கிக்கிட்டு வெளையாடவும் செய்றது உனக்குத்தான் வாய்ச்சிருக்கு" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு வந்து பாருங்கண்ணே, எம்புள்ளைக என்ன படிச்சிருக்குன்னு" என்று சொல்லிவிட்டாள்.

எதைக் காட்டுவது என்று யோசித்தபோது ஏலக்காய்தான் தோன்றியது. அதுதானே அவருக்குப் புரியும்?

சொன்னபடி வீரையா வந்தார். கழித்துப் போட்ட காயைச் சாக்கில் கொட்டினாள் சுருளியம்மாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரிசு ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல். சின்ன விரல்கள் கோழி கொத்துகிற மாதிரி ஓடின. வீரையா குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அடேயப்பா! காய் காயவைக்கிற ஸ்டோர்ல பத்து வருசம் தரம் பொறுக்குனவளுக்குக்கூட இந்தக் கண்ணு இல்லையே!"

அவளுக்கு உடம்பெல்லாம் சூடாகச் சந்தோசம் பரவியது. ஒளித்துக்கொள்ளக் குனிந்துகொண்டாள்.

ஓரத்தில் நாலு வயதுப் பேச்சி குவியல் எதுவும் போடவில்லை. பெரிய காய் இரண்டு, பொடி மூன்று என்று வரிசை வரிசையாக வைத்திருந்தாள். கடைசி வரிசையில் பெரிசு ஒன்றுதான் இருந்தது.

"இதுல ஒண்ணு கொறையுதே ஆத்தா?" என்றாள் சுருளியம்மாள்.

"இது எங்க வீடு. அம்மா காயெடுக்கப் போயிருக்கு."

வீரையா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "தரத்தைக் கலக்கக் கூடாது புள்ள, தப்பு" என்று ஒற்றை விரலால் அந்த வீட்டைக் கலைத்துக் குவியல்களில் தள்ளினார். பேச்சி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மற்ற பிள்ளைகளின் விரல்களும் மெதுவானதைச் சுருளியம்மாள் கவனித்தாள். இதுவரை காயைப் பார்த்திருந்த கண்கள் இப்போது ஒவ்வொரு காயை எடுக்கும்போதும் கங்காணியின் முகத்தைப் பார்த்தன. சரியா, தப்பா? அந்தக் கேள்வி இந்தக் கொட்டகைக்குள் இதற்குமுன் வந்ததில்லை. அதைக் கூட்டி வந்தவள் நான்தான் என்று நினைத்தாள். வேறு யார்மேலும் பழிபோட வழியில்லாதபடி அது அவ்வளவு தெளிவாக இருந்தது. பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டவா கூப்பிட்டேன்? என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தானே?

வீரையா எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஸ்டோர்ல பொறுக்க ஆளு பத்தல தாயி. தெனம் ஒரு மூட்டை இங்க அனுப்புறேன். பிஞ்சு வெரலு, சோலி வெரசா முடியும். நீ மேப்பாத்தாப் போதும்."

"சின்னப் புள்ளைகண்ணே இதுக."

"வெளையாட்டுத்தானே? இப்ப வெளையாடலையா? முதலாளியே கேக்குறாரு, புள்ள பாக்குறதுக்குப் படிச்ச பொம்பளை எதுக்கு, ஒரு கிழவி போதாதான்னு. இதைச் சொன்னேன்னு வையி, உன்னை யாரும் அசைக்க முடியாது."

அசைத்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மறுபடி கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏற வேண்டும். இங்கே வேறொருத்தி வந்து உட்காருவாள். அந்த வேறொருத்தி மூட்டையை வாங்கினாலும் வாங்கலாம். அது நாளைய விசயம். இன்றைக்கு இந்தக் கொட்டகையில் இருப்பது சுருளியம்மாள்தான்.

வீரையா பாதையில் காய் மூட்டை சுமந்து போன சுமைக்காரனைக் கைதட்டி அழைத்தார். "ஏலே, அதை இங்க கொண்டா!"

மூட்டையோடு அவன் வாசலுக்கு வந்தான். சுருளியம்மாள் எழுந்து வாசல் நிலைக்கு நடுவில் நின்றாள்.

"இங்க எறக்க வேணாம்ப்பா."

"என்ன தாயி இது?" என்றார் வீரையா. "முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?"

"சுருளியம்மா மாட்டேன்னுட்டாள்னு சொல்லுங்கண்ணே" என்றாள், குரலை உயர்த்தாமல்.